கிரேக்கமா, இலத்தீனா: எதை முதலில் தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பிளஸ் டூ முடிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் பண்டைய மத்தியதரைக்கடல் நாகரிகங்களைப் படிக்க விரும்புகிறேன். பள்ளியில் தமிழும் மலையாளமும்தான் கற்றேன் என்றாலும் அத்துறையில் என்னைச் சேர்ப்பார்களா? யவனர் பாஷை சோறு போடுமா என்று அப்பா கேட்கிறார்.

சித்தூர்க்காரன்:
சேர்ப்பார்கள் தங்கையே, ஆக்ஸ்போர்டில்கூடப் பள்ளியில் இம்மொழிகளைப் படிக்காதவர்களுக்கென்றே தனிப் பாடத்திட்டம் உண்டு. இலத்தீனில் தொடங்குங்கள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு அதன் ஆறு வேற்றுமைகள் அச்சம் தரா. ஆனால் பெண்ணை, அரசனை என நாம் எங்கும் ‘ஐ’ சேர்க்கும் இடத்தில், அங்கே ‘புவெல்லம்’, ‘ரேகெம்’ என்று பெயர்ச்சொல்லின் வகைக்கேற்ப ஈறு மாறும். முதல் ஆண்டு முழுவதும் அந்த மனப்பாடத்திலேயே கழியும்.

வேலந்தாவளம் ஆசிரியர்:
நான் உடன்படவில்லை, நம் கடற்கரையைப் பற்றிப் படிக்கக் கிரேக்கமே முதலில் வேண்டும். வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டுப் பப்பைரஸ் (நாணல் தாள்) ஏடு, பண்டைய சேரர் துறைமுகமான முசிறியின் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பேசுவது கிரேக்கத்தில்தான். அதன் மறுபக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலில் வந்த கங்கைச் சடாமாஞ்சில் என்னும் நறுமண வேரும் யானைத் தந்தமும் கணக்கிடப்பட்டுள்ளன. யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயரும்’ என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் துறைமுகத்தில் நின்று சொல்வதை, அந்த ஏடு கணக்குப்பிள்ளையின் மேசையிலிருந்து சொல்கிறது. இரண்டையும் மூலத்திலேயே வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே, அம்மா. சோற்றுக்கு உறுதி சொல்ல என்னால் இயலாது. அப்பாவை ஒருமுறை, முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணம் என்ற கேரள ஊரின் அகழாய்வு இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே கிடைத்த ஆம்போரா (யவனரின் இருகைப்பிடிச் சாடி) ஓடுகளைப் பற்றிச் சொல்லுங்கள்.