பால்மரம் முதல் கையுறை வரை: மலேசியாவுக்கு உழைக்க வந்தவர்கள், நாம் நேரில் கண்டவை

கோலாலம்பூர் உறுப்பினர்:

வெளிநாட்டுத் தொழிலாளர்களால் நாட்டுக்கு ஆதாயமா, பாரமா என்ற பேச்சு ஒட்டுக்கடையிலிருந்து (சாலையோர உணவுக்கடையிலிருந்து) நாடாளுமன்றம் வரை ஓயாமல் நடக்கிறது. நம் தமிழர் குழுவில் பெரும்பாலோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) அழைத்துவந்த கப்பலில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். இந்தப் பேச்சில் ஒதுங்கி நிற்க நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம். பொதுவான கருத்துகளை ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டோம். உங்கள் வீட்டில் நடந்ததை, வேலையிடத்தில் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

கிள்ளான் உறுப்பினர்:

என் பாட்டி கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். நான் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். பால் கட்டிப்போகாமல் இருக்கக் கலக்கும் அமோனியாவின் நெடி பாட்டியின் வேலைச் சட்டையில் எப்போதும் இருக்கும். தொழிற்சாலையின் பின்வாசல் வழியாகப் போனால் அதே நெடி மூக்கில் ஏறுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. மரம் தானாகப் பால் தராது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போய், பொழுது ஏறுவதற்குள் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, மங்கு (பால் வடியும் கிண்ணம்) வைத்து, பாலைச் சேகரித்து, வாளியில் சுமந்துவர ஆள் வேண்டும். அதற்காக 1907இல் ஒரு குடியேற்ற நிதியை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் ஆள்கணக்குப்படி அதில் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம்மவர்கள் கப்பலேறினார்கள். இந்த நாட்டின் ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் சாலைக்கும் போன பணத்தில் ஈயத்தின் பங்கும் உண்டு, அந்தப் பாலின் பங்கும் உண்டு.

இப்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் உற்பத்திக் கூடத்தில் பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கியபடி போகும். தொட்டியில் மூழ்கி எழும், சூட்டு அறைக்குள் நுழைந்து வெளியே வரும். வரிசையின் முடிவில் நிற்பவர் ஒவ்வொரு கையிலிருந்தும் கையுறையை உருவி எடுக்க வேண்டும். சங்கிலி நிற்காது. அதன் வேகத்துக்கு மனிதன்தான் ஈடுகொடுக்க வேண்டும். அங்கே நிற்பவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள், வங்காளதேசிகள். உலகத்து மருத்துவமனைகளில் மருத்துவர்கள் அணியும் கையுறைகளில் பெரும்பங்கு மலேசியாவில் செய்தவை என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் அவர்களுடைய கைக்கும் பங்கு உண்டு.

நேபாளத்தின் தராய்ப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. வரி வரியாக விளக்கினேன். பிறகு அவர் தன் கைப்பேசியில் ஒரு தாளின் படத்தைக் காட்டினார். முகவருக்குக் கொடுக்க ஊர் வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கிய பத்திரம் அது. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. முதல் ஆண்டு முழுக்க அவர் கையுறை உருவியது அந்த வட்டிக்காகத்தான்.

எனக்குப் பாட்டி சொன்னவை நினைவுக்கு வந்தன. கங்காணி கொடுத்த முன்பணம் கழியும்வரை அந்தத் தோட்டத்தை விட்டு நகர முடியாது என்பார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகக் கூறி அமெரிக்கச் சுங்கத்துறை சில மலேசியக் கையுறை நிறுவனங்களின் பொருள்களைத் தடுத்தது. அதன்பிறகே பல நிறுவனங்கள் தொழிலாளர்கள் முகவர்களிடம் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்தன. நம் நாடு தானாகச் செய்திருக்க வேண்டியதை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று செய்யவைத்தது. இதை எண்ணும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பினாங்கு உறுப்பினர்:

அக்கா தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன், எங்கள் குடும்பத் தொழில் அது.

என் தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். காவுதடியின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்க, விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மூட்டை தூக்குபவர்களுக்கு விற்றார். அப்படி விற்றதுதான் நாசி கண்டார். இன்று பினாங்குக்கு வரும் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் அதற்காக நிற்கிறார்கள். 2024 டிசம்பரில் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு, பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கும் அதில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவர்களின் கைப்பக்குவம் நாட்டின் அடையாளமாகிவிட்டது.

அதே பினாங்கில் 2016 முதல் அங்காடிக் கடைகளில் குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சுவை கெட்டுவிடும் என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சுவையைக் காக்கும் வழி வேறு. எங்கள் கடையில் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் இருந்தார். வந்த புதிதில் மேசை துடைத்தார். பிறகு மாவு பிசையக் கற்றார், ரொட்டி வீசக் கற்றார். கடைசியில் என் தந்தை மசாலா வறுக்கும்போது பக்கத்தில் நின்று, எந்த நிறத்தில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதைக் கண்ணாலேயே படித்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அது கைவரவில்லை, அவர்கள் பொறியியலும் கணக்கியலும் படிக்கப் போய்விட்டார்கள். பெர்மிட் காலம் முடிந்தது, அவர் விமானம் ஏறினார். அவரோடு எங்கள் தாத்தாவின் பக்குவமும் போயிற்று. இப்போது புதிதாக வந்தவருக்கு மேசை துடைப்பதிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

சிரம்பான் உறுப்பினர்:

எல்லாரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

1980களில் எங்கள் தோட்டத்துக்கு ஒப்பந்தக்காரர் மூலம் இந்தோனேசியர்களைக் கொண்டுவந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குச் சேமநிதி கட்ட வேண்டும், வீடு தர வேண்டும், மருத்துவம் பார்க்க வேண்டும். ஒப்பந்த ஆளுக்கு அது எதுவும் கிடையாது. அப்பா சம்பள உயர்வு கேட்டபோது, வேண்டாமென்றால் போ, ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்னார்கள். கோயில், பள்ளி, பந்துத் திடல், ஆயாக் கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாமே போயின. நகர ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டு நாங்கள் வளர்ந்தோம்.

குடியேற்றம் பொருளாதாரத்தை வளர்த்தது என்று எழுதுகிறவர்கள், யாருடைய கூலியை அமுக்கி வளர்த்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த இந்தோனேசியர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா தன் இடத்தை இழந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சிங்கப்பூர் உறுப்பினர்:

இங்கே நாணயத் தாளில் தமிழ் இருக்கிறது, ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கிறது. அது முன்பு வந்து நிலைத்தவர்களின் பெயரால் கிடைத்தது. இன்று கட்டுமானத் தளங்களில் நிற்கும் தமிழ்நாட்டுத் தம்பிகள் அந்த மொழியைத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியவர்கள். 2020இல் கொரோனா பரவியபோது இங்கே பெரும்பான்மைத் தொற்று அவர்களின் தங்கும் விடுதிகளில்தான் ஏற்பட்டது. ஓர் அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று அப்போதுதான் ஊர் கவனித்தது. நான் உணவுப் பொட்டலம் கொண்டுபோனேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, ஊருக்குப் பணம் அனுப்புகிற கடை எப்போது திறப்பார்கள்?”

சுங்கை சிப்புட் உறுப்பினர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

சிரம்பான் தம்பி எழுதியது உண்மை. அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. அன்று அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்று கேட்டார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூலிக்கு வந்தவர்கள் கூட்டாகத் தோட்ட உரிமையாளர்கள் ஆனார்கள். என் தகப்பனார் அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமி படத்தின் பின்னால் வைத்திருந்தார்.

ஏன் அப்படி முதலீடு செய்தார்கள்? இங்கே பிள்ளைகள் இருந்தார்கள், அதனால்தான். கங்காணி முறை கொடுமையானது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அது குடும்பத்தோடு ஆட்களைக் கொண்டுவந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். அப்படித் தகரக் கொட்டகையில் தொடங்கியவை ஏராளம். இன்றும் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடப்பதற்கு அதுவும் ஒரு வேர். கோலாலம்பூருக்கு அருகே பத்துமலை முருகன் கோயிலில் 1890களில் தொடங்கிய தைப்பூசம் இன்று சிலாங்கூரில் பொதுவிடுமுறை. குடும்பம் இருந்தால்தான் பள்ளி, பள்ளி இருந்தால்தான் மொழி, மொழியோடு திருவிழா, பத்திரிகை, நாடகம்.

இன்றைய தற்காலிக வேலை பெர்மிட்டைப் பாருங்கள். மனைவி மக்களை அழைத்துவர முடியாது. இங்கே திருமணம் செய்துகொள்ளவும் அனுமதி இல்லை. பெர்மிட்டில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே வேலை செய்யலாம். அந்த மனிதர் கூலி உயர்வு எப்படிக் கேட்பார்? அவர் கேட்க முடியாததால்தான் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரின் கூலியும் உயராமல் நிற்கிறது. தம்பியின் அப்பாவுக்கு நேர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

பணியில் இருந்தபோது செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் இந்தோனேசியத் தாய், மகளை அழைத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைக்குத் தலைவாரி, வெள்ளைச் சப்பாத்து மாட்டி, புதுப் பையோடு கூட்டிவந்திருந்தார். பக்கத்திலிருந்த ஒரே பள்ளி எங்கள் தமிழ்ப்பள்ளிதான். தமிழில் படிக்கவும் அவருக்குச் சம்மதம். பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் விதிப்படி சேர்க்க வழியில்லை. தலைமையாசிரியர் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார், பயனில்லை. அந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்திருந்தால் மலேசியாவுக்கு என்ன நட்டம் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

கிள்ளான் உறுப்பினர்:

ஐயாவுக்கு நன்றி. சிரம்பான் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததை மறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. 1941இல் எங்கள் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, துரைக்கு எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது, சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களும் அன்று குடியுரிமை இல்லாத அந்நியர்களே. கூலி உயர வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவனின் கூலியும் உயர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயத்து வீடுகளின் நிலையைச் சரிசெய்ய 1990இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் இயற்றினார்கள். 2019இல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். நம் பாட்டிகளின் லயத்துக்காக வந்த சட்டத்தைக் காட்டித்தான் எங்கள் தொழிற்சாலை விடுதியில் ஆளுக்கொரு கட்டிலும் பூட்டு வைத்த அலமாரியும் கேட்டோம். கிடைத்தன.

சென்ற தசைன் பண்டிகைக்கு நேபாளத் தொழிலாளர்கள் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தைக் கேட்டார்கள். நிர்வாகக் குழுவில் இரண்டு மாலை வாக்குவாதம். கடைசியில் கொடுத்தார்கள். அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்த திலகத்தை மூத்தவர் இளையவர் நெற்றியில் அப்பினார். பார்க்கப் போன எங்கள் பெண்களும் வரிசையில் நின்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஓர் உதவி வேண்டும். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, எந்தப் பிடித்தம் சட்டப்படி சரி, எது தவறு என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பக்க விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நேபாளியோ வங்காளமோ எழுதத் தெரிந்தவர்கள் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் இங்கே சொல்லுங்கள். அடுத்த சம்பள நாளுக்குள் அதை அச்சடித்துவிட வேண்டும்.

சிரம்பான் உறுப்பினர்:

எங்கள் பகுதியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் நன்றாக எழுதுவார். தாளை அனுப்புங்கள், நாளை மாலை கேட்டுச் சொல்கிறேன்.