பதில்: சப்ஸ்ட்ரிங் – சரத்துண்டா, துணைச்சரமா, உட்சரமா?

அனைவருக்கும் வணக்கம். நிரலாக்கத்தில் உரையைக் குறிக்கும் ஸ்ட்ரிங்கைத் தமிழில் சரம் என்கிறோம். அதற்குள் தொடர்ச்சியாக வரும் பகுதியான சப்ஸ்ட்ரிங்கை எப்படி அழைப்பது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில்.

> சரத்துண்டு என்றே வைத்துவிடலாமே. பூச்சரத்தில் ஒரு முழம் நறுக்கித் தருவது போலத்தானே?

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. நடுவில் ஒரு பூவும் விடாமல் வரவேண்டும் என்பதை அந்த முழமே சொல்லிவிடுகிறது. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் 'மலர்' என்ற சரத்துக்குள் 'மலர்' இருக்கிறதா என்று கேட்டால் ட்ரூ (ஆம்), வெற்றுச் சரம் (உள்ளே ஒன்றுமே இல்லாதது) இருக்கிறதா என்று கேட்டாலும் ட்ரூ. முழுசும் துண்டு, ஒன்றுமில்லாததும் துண்டு என்றால் பூக்காரம்மா சிரிப்பார். துண்டை ஸ்லைஸுக்கு (இந்த இடம் முதல் அந்த இடம் வரை என்று வெட்டி எடுப்பதற்கு) விட்டுவைப்போம்.

துணைச்சரம் வேண்டாம். துணைவேந்தர், துணைவினை எல்லாம் இன்னொன்றுக்கு உதவியாக நிற்பவை. இது சும்மா உள்ளே கிடக்கிறது.

என் ஓட்டு உட்சரத்துக்கு. பள்ளிக் கணக்கில் கணம், உட்கணம் படித்தோமே (இலங்கை நண்பர்களுக்குத் தொடை, தொடைப்பிரிவு), அங்கேயும் வெற்றுக் கணம் எல்லாக் கணத்துக்கும் உட்கணம், ஒவ்வொரு கணமும் தனக்குத்தானே உட்கணம், அதனால் அப்படியே பொருந்துகிறது. உட்கணத்தில் நடுவில் விட்டுவிட்டு எடுக்கலாம், இதில் கூடாது, அதை விளக்கத்தில் சொல்லிவிடலாம். வேகமாகச் சொன்னால் 'உச்சரம்' என்று காதில் விழுகிறது, அது ஒன்றுதான் உறுத்தல்.

> ஃபைண்டுக்குத் 'தேடு' போதாதா?

போதாது. ஃபைண்ட் என்பது ஒரு சரத்துக்குள் உட்சரம் எங்கே என்று கேட்கும் பைத்தான் கட்டளை. தேடுவது செயல், ஃபைண்ட் கையில் தருவது இடம், கிடைக்காவிட்டால் -1. இண்டெக்ஸ் என்ற இன்னொரு கட்டளையும் இடத்தைத்தான் தருகிறது, கிடைக்காவிட்டால் பிழை எறிகிறது. ஆகவே ஃபைண்டுக்கு 'இடங்காண்' என்கிறேன். கொஞ்சம் பழைய வாடை அடிக்கிறது, தெரியும்.

அப்புறம் ஒரு சிக்கல். 'தமிழ்' என்பதில் 'ழ்' எங்கே என்று ஃபைண்டிடம் கேட்டால் 3 என்கிறது. 0, 1, 2 என்று எழுத்தெண்ணினால் அது 2-இல் இருக்கவேண்டும், ஆனால் 'மி' யூனிகோடில் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையில்) மகரமும் கொக்கியுமாக இரண்டு இடம் பிடிக்கிறது. போன வாரம் என் சொற்பட்டியலில் 'பட' என்று தேடினேன், படம் மட்டுமா வந்தது, படி, படை, படு, பட்டம் எல்லாம் வரிசைகட்டி வந்தன. பூவைக் காம்போடு எடுக்காமல் இதழைப் பிய்த்துக் கொடுத்த மாதிரி.

அதனால் உட்சரத்துக்கு விளக்கம் எழுதும்போது 'தொடர்ந்து வரும் எழுத்துகள்' என்று போடாதீர்கள், 'தொடர்ந்து வரும் குறியீடுகள்' என்று போடுங்கள். 'படி'யில் 'பட' என்று எழுத்து எங்கே இருக்கிறது?