நாலாம் லயத்துக் குடும்பக் குழு: அம்மாவின் கழுத்துக் கட்டி

ஞாயிறு, சுங்கை சிப்புட், மலேசியா

தினேஷ், இரவு 8.12: அம்மாவின் ஸ்கேன் அறிக்கையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். கழுத்தில் தைராய்டுக் கட்டி இரண்டு: இடது பக்கம் 2.8 செ.மீ., வலது பக்கம் 1.6 செ.மீ. ஊசி வைத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒப்புக்கொண்டால் வியாழக்கிழமை ஈப்போவில் இடம் இருக்கிறதாம். அம்மா "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

லெட்சுமி பெரியம்மா: இரண்டா? ஒன்று என்றுதானே என்னிடம் சொன்னாள்!

கணேசன் மாமா: ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் தங்கச்சி. இரும்பு பட்டால் உள்ளே இருப்பது பரவிவிடும். நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அந்தக் காலத்திலேயே சொல்வார்.

லெட்சுமி பெரியம்மா: அவர் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தவர். அவர் பேச்சை விடு தம்பி.

கணேசன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) கொத்தமல்லித் தண்ணீர் 48 நாள் குடித்தால் கழலை கரையும்!

கவிதா: குடிக்கட்டும் மாமா, தவறில்லை. கட்டி கரையாது. இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அறிக்கையை முழுதும் படித்துவிட்டு எழுதுகிறேன்.

கவிதா, 8.51: எல்லோரும் இடது பக்கத்துக் கட்டியையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிவதும், எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்குவதும் அதுதான். ஆனால் ஊசி அதற்கு இல்லை. அது பஞ்சு மாதிரி, உள்ளே சிறு சிறு நீர்ப்பைகளாக இருக்கிறது. அந்த வகை பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வலது பக்கச் சின்னதுதான் கெட்டியாக, ஸ்கேனில் கறுப்பாகத் தெரிகிறது. ஸ்கேனில் கட்டி எவ்வளவு சந்தேகப்படும்படி இருக்கிறது என்று பார்க்க டைராட்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு, 1 முதல் 5 வரை. சின்னது 4-இல் வருகிறது. அந்த நிலையில் 1.5 செ.மீ. எட்டினால் ஊசி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இரத்தத்தில் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சரியாக இருக்கிறது. அது குறைந்திருந்தால் முதலில் வேறு ஸ்கேன் எடுத்திருப்பார்கள்.

தினேஷ்: ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது என்பதற்காகவா அக்கா? தென் கொரியாவில் கழுத்தை ஸ்கேன் செய்து செய்து, 1993-ஐவிட 2011-இல் 15 மடங்கு தைராய்டுப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. எத்தனை பேர் வீணாகக் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள்!

கவிதா: உண்மைதான். தேவையில்லாத ஊசியைக் குறைக்கத்தான் இப்போது அளவும் தோற்றமும் பார்க்கிறார்கள். ஊசி வேறு, அறுவை வேறு தம்பி. பத்துக் கட்டியில் ஒன்பதுக்கு மேல் சாதாரணக் கட்டிதான். ஊசி வேண்டாம் என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம், அதுவும் குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் அம்மா கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். சில சமயம் "தெளிவாகச் சொல்ல முடியவில்லை" என்றே முடிவு வரும். மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

கணேசன் மாமா: பரவாதா?

கவிதா: ஊசி வழியாகப் பரவுவது மிக மிக அரிது மாமா. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

லெட்சுமி பெரியம்மா: செலவு?

தினேஷ்: அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). பெட்ரோல்தான் அதிகம்.

லெட்சுமி பெரியம்மா: சரசு, இத்தனை பேர் பேசுகிறோம். நீ வாயைத் திற.

அம்மா, 9.38: எல்லாம் படித்தேன். கழுத்தில் தாலி இருக்கிறதே. ஸ்கேன் எடுத்தபோது அந்தப் பெண் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுச் செய்தாள். ஊசிக்குக் கழற்றச் சொல்வார்களா?

லெட்சுமி பெரியம்மா: அடி பாவி! இதற்குத்தான் யோசித்தாயா?

அம்மா: வேறு எதற்கு? அட்டைக்கும் குளவிக்கும் நடுவே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள் நான். ஊசிக்கா பயப்படுவேன்? டாக்டர் சின்னப் பையன், அவனிடம் இதை எப்படிக் கேட்பது?

கவிதா: அம்மா, சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளுங்கள். நீளமாகக் கட்டினால் கீழே இறக்கிவிடலாம். தாதியிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஒரு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவார். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்.

அப்பா: கழற்றத்தான் வேண்டும் என்றால் நான் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

லெட்சுமி பெரியம்மா: பெருமாள் தம்பி இந்தக் குழுவில் எழுதி இன்றுதான் பார்க்கிறேன்!

அம்மா: சரி. வியாழக்கிழமை போகலாம். தினேஷ், டாக்டரிடம் சொல்லிவிடு.

கணேசன் மாமா: காலை ஆறரைக்கு வேன் வாசலில் நிற்கும். கொத்தமல்லித் தண்ணீரும் ஒரு பிளாஸ்கில் கொண்டு வருகிறேன்.