சோவ் சுவானுக்கு 1934இல் முதலிடமா?

தட்டுப்பெட்டி:
நேற்று இங்கே ஒருவர், "ஷாங்காயில் 1934 பாட்டுப் போட்டியில் முதலிடம் பிடித்தவர் சீனப் பாடகி, நடிகை சோவ் சுவான்" என்று எழுதியிருக்கிறார். தப்பு. வானொலிப் பாடகிகளுக்காக ஒரு மாலைப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்குக் கேட்டு நடத்திய போட்டி அது. முதலிடம் பாய் ஹோங். சோவ் சுவான் இரண்டாவது.

வைகறை:
எழுதியது நான்தான். மக்கள் மனதில் யார் நின்றாரோ அவர்தான் முதல். 'தங்கக் குரல்' என்று யாரைச் சொன்னார்கள்? 1937இல் வந்த 'தெருத் தேவதை' படத்தில், பின்னல் நுனியைத் திருகிக்கொண்டே வேண்டாவெறுப்பாகப் பாடுவாரே, அந்த முகம் எந்தப் போட்டியில் தோற்கும்?

தட்டுப்பெட்டி:
பின்னல் எனக்கும் பிடிக்கும். நான் கேட்டது 1934. இரண்டாவது. பாய் ஹோங்கும் சோவ் சுவான் இருந்த அதே குழுவில், இசையமைப்பாளர் லீ சின்ஹுயின் பாட்டு நடனக் குழுவில், வளர்ந்தவர்தான், படங்களிலும் நடித்தவர்தான். அவர் பெயரையே அழித்துவிட்டு எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

நிலாமுற்றம்:
'நீ எப்போது திரும்பி வருவாய்' பாட்டை தைவான் பாடகி தெரசா டெங் பாடியபோதுதான் அதற்கு உயிர் வந்தது.

வைகறை:
அம்மா, அதை 1937இலேயே பாடியவர் சோவ் சுவான்! தெரசா டெங் பிறந்ததே 1953.

தட்டுப்பெட்டி:
அந்தப் பாட்டை லீ சியாங்லான் என்ற பாடகியும் பாடினார். அவர் சீனரே இல்லை, யமகுச்சி யோஷிகோ என்ற ஜப்பானியர். இதையும் போன மாதம் நான்தான் சொன்னேன், அப்போதும் வைகறை ஒத்துக்கொள்ளவில்லை.

வைகறை:
போன மாதக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சோவ் சுவான், பெற்றவர்கள் யாரென்று தெரியாமல் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்த பெண். இருநூறுக்கு மேல் பாட்டு, நாற்பதுக்கு மேல் படம். மனநோயில் வருடக்கணக்காகக் கிடந்து, 1957 செப்டம்பரில் நாற்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவரிடம் போய் ரேங்க் கார்டு கேட்கிறீர்களே!

தட்டுப்பெட்டி:
அந்தச் சாவை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. அதற்காக வாங்காத பரிசை வாங்கியதாக எழுதலாமா? அவருக்கு அது தேவையே இல்லை. அந்தச் சின்னக் குரலை மைக்குக்கு அருகே வைத்து, காதோடு பேசுவதுபோலப் பாடினார். அதை எழுதுங்கள், நானே பாராட்டுகிறேன்.

நிலாமுற்றம்:
தெரசா டெங்கும் அப்படித்தான் பாடுவார்.

வைகறை:
என் பதிவை மாற்றமாட்டேன். எனக்கு அவர்தான் முதல்.

தட்டுப்பெட்டி:
இரண்டாவது. மாற்றும்வரை தினமும் வந்து எழுதுவேன்.