23-எஃப் இரவு: லெப்டினன்ட் கர்னல் தெஹேரோவை எதிர்கொண்டவர்கள் (அனுபவப் பகிர்வு)

நெய்தல்:
1981 பிப்ரவரி 23, திங்கள் மாலை. ஸ்பெயினின் மாட்ரிட் நாடாளுமன்றத்தில் கால்வோ சொத்தேலோவைப் பிரதமராக்கும் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. செயலர் ஒவ்வொரு உறுப்பினர் பெயராக வாசித்து வருகிறார். சோசலிஸ்ட் கட்சியின் நூன்யெஸ் என்காபோ பெயரை அழைத்த நேரம், மாலை 6.23 அளவில், சிவில் கார்டு என்ற ராணுவப் பாணிக் காவல் படையின் லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ கைத்துப்பாக்கியோடு மேடையேறினார். கூட வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து ஆறாவது ஆண்டு. அரசியல் சட்டத்துக்கு வயது இரண்டுதான். இந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியைத்தான் 23-எஃப் (பிப்ரவரி 23) என்பார்கள்.

அன்றிரவு அந்த மனிதரை முகத்துக்கு முகம் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது என்பதை இங்கே சேர்ப்போம். ஊகங்கள் வேண்டாம், பதிவில் உள்ளவை போதும்.

முதலில் ஜெனரல் குத்தியேரெஸ் மெயாதோ. துணைப் பிரதமர், வயது 68, மெலிந்த உடம்பு. இருக்கையை விட்டு எழுந்து நேராகத் துப்பாக்கி ஏந்தியவர்களிடம் போனார். அவர் லெப்டினன்ட் ஜெனரல், எதிரே நிற்பவர் லெப்டினன்ட் கர்னல். ராணுவ ஒழுங்கின்படி அவர் சொன்னால் இவர் கேட்க வேண்டும். கேட்கவில்லை. வானை நோக்கி ஒரு குண்டு, பிறகு காவலர்களின் இயந்திரத் துப்பாக்கிகள் கூரையை நோக்கி வெடித்தன. தெஹேரோ பின்னாலிருந்து காலைத் தட்டிக் கீழே வீழ்த்தப் பார்த்தார், கிழவர் விழவில்லை. 350 உறுப்பினர்களில் ஏறத்தாழ எல்லோரும் இருக்கைக்கு அடியில் போய்விட, பதவி விலகிய பிரதமர் சுவாரெஸும் கம்யூனிஸ்ட் தலைவர் கரீயோவும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

தெஹேரோ செய்த முதல் தவறு அந்தக் குண்டுகள்தான் என்பது என் கருத்து. ரத்தமில்லாத, மன்னரின் பேரைச் சொல்லி நடத்துகிற மாற்றம் என்றுதான் சதிகாரர்கள் மற்ற தளபதிகளிடம் பேசி வைத்திருந்தார்கள். நாடாளுமன்றக் கூரையில் குண்டு பாய்ந்த பிறகு அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

எழுத்தாணி:
அருமையான தொடக்கம் நெய்தல். ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியை நாடு தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கவில்லை. நேரலையாகக் கேட்டது வானொலியில், 'சேர்' (SER) என்ற வானொலி வலைப்பின்னலில். தொலைக்காட்சிப் படம் மறுநாள்தான் ஒளிபரப்பானது.

படம் எப்படிக் கிடைத்தது? கேமராக்களை நிறுத்தச் சொல்லிக் காவலர்கள் மிரட்டினார்கள். ஒளிப்பதிவாளர் பெத்ரோ ஃபிரான்சிஸ்கோ மார்த்தின் பார்வைத்திரையை மட்டும் அணைத்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. திரை இருண்டால் கேமராவும் நின்றது என்று காவலர்கள் நம்பிவிட்டார்கள். சமிக்ஞை கம்பி வழியாகத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய் அங்கே பதிவானது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய பதிவு. நெய்தல் சொன்ன காலைத் தட்டும் காட்சி இன்றும் நமக்குத் தெரிவது இதனால்தான்.

பழுப்புத்தாள்:
தெஹேரோ திடீரென்று முளைத்தவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1977இல் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியின் கொடி சட்டபூர்வமானபோது, அங்கே குய்ப்புஸ்கோவா மாகாணத்தில் சிவில் கார்டு தலைவராக இருந்த தெஹேரோ உள்துறை அமைச்சருக்கு எள்ளலாகத் தந்தி அடித்தார், பதவி போனது. மாலகாவுக்கு மாற்றினார்கள். அங்கே அனுமதி பெற்ற ஊர்வலத்தைத் தன்னிச்சையாகத் தடுத்தார், மறுபடி மாற்றம். 1978 நவம்பரில் மாட்ரிட்டின் கலாக்சியா என்ற காபிக்கடையில் சில அதிகாரிகளோடு உட்கார்ந்து, மன்னர் வெளிநாட்டில் இருக்கும் நாளில் பிரதமரின் மொன்க்லோவா மாளிகைக்குள் புகுந்து அமைச்சரவையையே பிடித்துவைக்கத் திட்டம் போட்டார். கூட இருந்தவர்களே மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஏழு மாதமும் ஒரு நாளும். அதை விசாரணைக் காலத்திலேயே கழித்துவிட்டார். பதவிநிலையும் பறிக்கப்படவில்லை. அமைச்சரவை மொத்தத்தையும் கடத்தத் திட்டமிட்டவருக்கு இவ்வளவுதான் என்றால், அடுத்ததைத் திட்டமிட அவர் ஏன் தயங்குவார்? புதிய குடியரசுகளும் புதிய மக்களாட்சிகளும் ராணுவத்தைச் சீண்டப் பயந்து இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

வரைபடம்:
வெளியே நடந்ததைப் பார்க்காமல் தெஹேரோவைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் கட்டடத்தைப் பிடிப்பது தொடக்கம்தான். அதே மாலை மூன்றாம் ராணுவ மண்டலத் தளபதி மிலான்ஸ் தெல் போஷ் வலென்சியாவில் டாங்குகளைத் தெருவில் இறக்கி, இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை ஊரடங்கு போட்டார். மாட்ரிட்டுக்கு அருகே உள்ள புருனேத்தே கவசப் படைப்பிரிவு தலைநகரைப் பிடிக்க வேண்டும். இதுதான் உண்மையான எடை. வலென்சியா எவ்வளவு உறுமினாலும் புருனேத்தே நகராவிட்டால் மாட்ரிட் கையில் இல்லை.

அந்தப் பிரிவின் அதிகாரிகளிடம் "மன்னருக்குத் தெரியும், ஜெனரல் அர்மாதா சர்சுவேலா அரண்மனையில் இருப்பார்" என்று சொல்லியிருந்தார்கள். சர்சுவேலா மன்னரின் அரண்மனை; அர்மாதா மன்னரிடம் பல ஆண்டு பணிபுரிந்தவர். பிரிவின் தலைவர் ஜெனரல் ஹுஸ்தே அரண்மனைக்குத் தொலைபேசியில் கேட்டார்: அர்மாதா வந்துவிட்டாரா? மன்னரின் செயலர் ஃபெர்னாந்தெஸ் காம்போவின் பதில்: "இங்கே இல்லை, வருவார் என்று எதிர்பார்க்கவும் இல்லை." மன்னர் இதில் இல்லை என்று ஹுஸ்தேவுக்கு விளங்கிவிட்டது. மாட்ரிட் மண்டலத் தளபதி கின்தானா லக்காசி அணிகளைத் திருப்பி அழைத்தார். தொலைக்காட்சி நிலையத்தைப் பிடித்திருந்த குதிரைப்படைப் பிரிவும் வெளியேறியது. நள்ளிரவுக்குப் பின் மேஜர் பார்தோ சன்காதா மட்டும் நூற்றுச் சொச்சம் பேரோடு நாடாளுமன்றம் போய்த் தெஹேரோவோடு சேர்ந்தார்; அந்த மாபெரும் பிரிவிலிருந்து வந்தது அவ்வளவே.

நெய்தல்:
நன்றி வரைபடம். தொலைபேசி பற்றி இன்னும் கொஞ்சம்.

ஆட்சியைப் பிடிக்கிறவன் முதலில் அறுக்க வேண்டியது கம்பிகளை. இவர்கள் அறுக்கவில்லை. அரண்மனைத் தொலைபேசி வேலை செய்தது, அதனால் மன்னர் யுவான் கார்லோஸ் பதினொரு மண்டலத் தளபதிகளையும் ஒவ்வொருவராக அழைத்துப் பேச முடிந்தது. நாடாளுமன்றத் தொலைபேசியும் வேலை செய்தது; தெஹேரோ அன்றிரவு தன் நண்பர் கார்சியா கர்ரேஸோடு பேசியதெல்லாம் ஒட்டுக்கேட்டுப் பதிவானது. சதியில் தண்டனை பெற்றவர்களில் படைகளைச் சேராத ஒரே ஆள் இந்தக் கர்ரேஸ்தான்.

இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்த உறுப்பினர் அன்னா பயெத்போவைத் தெஹேரோவின் ஆட்கள் தொடக்கத்திலேயே வெளியே விட்டார்கள். அவர் வெளியே வந்ததும் அரண்மனைக்குத் தொலைபேசி செய்து உள்ளே கண்டதைச் சொன்னார். இன்னொரு பக்கம், அமைச்சர்கள் எல்லோரும் பிணைக்கைதிகளாக இருக்க, உள்துறையின் அரசுப் பாதுகாப்பு இயக்குநர் ஃபிரான்சிஸ்கோ லாயினா துறைச் செயலர்களைக் கூட்டித் தற்காலிக அரசு ஒன்றை நடத்தினார். நாற்காலியில் இருப்பவர்களைப் பிடித்தால் அரசு நின்றுவிடும் என்ற கணக்கு இங்கே பொய்த்தது.

கல்தச்சன்:
இந்தத் திரியில் யாராவது அர்மாதா சந்திப்பைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எல்லாமே அங்கேதான் முடிந்தது, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் கேப்டன் முன்யேகாஸ் மேடையேறி, தகுதியுள்ள ஓர் அதிகாரி வருவார், அவர் ராணுவத்தவராகத்தான் இருப்பார், அடுத்து என்ன என்பதை அவர் சொல்வார் என்று அறிவித்தார். மணிக்கணக்கில் காத்திருந்தும் அப்படி யாரும் வரவில்லை. சுவாரெஸைத் தனி அறையிலும், குத்தியேரெஸ் மெயாதோ, சோசலிஸ்ட் தலைவர் ஃபெலிப்பே கொன்சாலஸ், அல்ஃபோன்சோ கெர்ரா, கரீயோ, பாதுகாப்பு அமைச்சர் ஆகியோரைக் கடிகார அறையிலும் பிரித்து வைத்துவிட்டுத் தெஹேரோ காத்திருந்தார்.

நள்ளிரவு தாண்டி அர்மாதா வந்தார். தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதி, மன்னரிடம் பல ஆண்டு பணிபுரிந்தவர். அடையாளச் சொல் 'தூக்கே தெ அஹுமாதா'. சிவில் கார்டு படையைத் தொடங்கியவரின் பட்டம் அது. அவர் கொண்டுவந்த யோசனை: படை பின்வாங்கட்டும், தான் அவைக்குள் போய் உறுப்பினர்களிடம் பேசித் தன் தலைமையில் அனைத்துக் கட்சி அரசு அமைக்கிறேன், தெஹேரோவும் மற்றவர்களும் விமானத்தில் வெளிநாடு போகலாம். அமைச்சர் பட்டியலில் சோசலிஸ்டுகள் உண்டு, கம்யூனிஸ்டுகளும் உண்டு.

தெஹேரோ வந்ததே இந்த இரண்டு கட்சிகளையும் ஒழிக்க. அவருக்கு வேண்டியது மிலான்ஸ் தலைமையில் முழு ராணுவ ஆட்சி. இதற்காகவா நான் நாடாளுமன்றத்தைத் தாக்கினேன் என்று கேட்டார். வலென்சியாவிலிருந்த மிலான்ஸோடு பேசவைத்தும் அவர் மசியவில்லை. அர்மாதாவை அவைக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்.

அதாவது ஒரே இரவில் மூன்று பேர் மூன்று ஆட்சிகளைப் பிடிக்கப் பார்த்தார்கள். அர்மாதாவுக்குத் தன் தலைமையில் ஒரு சாந்தமான அரசு, மிலான்ஸுக்கு மன்னர் தலைமையில் ராணுவத்தின் கைமேலோங்கிய அரசு, தெஹேரோவுக்குப் பழைய ஃபிராங்கோ ஸ்பெயின். ஜனவரி 18 அன்று மாட்ரிட்டில் ஒரு வீட்டில் கூடியபோது அர்மாதா வரவில்லை; அவர் சார்பில் மிலான்ஸ்தான் பேசினார். அர்மாதாவைத் தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு சந்தித்ததாகத் தெஹேரோ சொன்னார், அர்மாதா கடைசிவரை மறுத்தார். நேராக உட்கார்ந்து, பிடித்தபின் யாரிடம் கொடுப்பது என்று பேசித் தீர்க்காதவர்கள் அதை நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், சுற்றிலும் போலீஸ் நிற்கும்போது பேசவேண்டி வந்தது. மன்னர் தொலைக்காட்சியில் தோன்றியது அதிகாலை 1.14க்கு. பலரும் அதனால்தான் கவிழ்ப்பு முறிந்தது என்பார்கள். அதன் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் தெஹேரோ அர்மாதாவை உள்ளே விட்டிருந்தால், துப்பாக்கி முனையில் நின்ற அந்த அவை அனைத்துக் கட்சி அரசுக்குத் தலையாட்டியிருக்கக்கூடும். அதுவும் கவிழ்ப்புதான், பார்வைக்கு மட்டும் சட்டம் மாதிரி இருந்திருக்கும். மக்களாட்சியை வெறுத்த மனிதரின் பிடிவாதமே அந்தக் கதவை அடைத்தது.

எழுத்தாணி:
கல்தச்சன், முழு உடன்பாடு. மன்னரின் உரை ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு: நிலையம் படையினர் கையில் இருந்ததால் படப்பிடிப்புக் குழு அரண்மனைக்குப் போகவே நேரமாயிற்று. பதிவான நாடாக்களும் தனித்தனி வழியாக நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. மன்னர் கேப்டன் ஜெனரல் என்ற உச்ச ராணுவப் பதவியின் சீருடையில் பேசினார். உரை படைத்தளபதிகளுக்கும் சேர்த்துத்தான். அதற்கு முன்பே இரவு பத்து மணி வாக்கில் எல் பாயிஸ் நாளிதழ் அரசியல் சட்டத்தின் பக்கம் நிற்பதாகத் தலைப்பிட்டுச் சிறப்புப் பதிப்பு கொண்டுவந்துவிட்டது. யார் வெல்வார் என்று தெரியாத நேரத்தில் அச்சுக்குப் போன தாள் அது.

பழுப்புத்தாள்:
சரணாகதி: 24ஆம் தேதி காலை, ஒரு லேண்ட் ரோவர் வண்டியின் முன்மூடியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்தானது. கீழ்நிலைக் காவலர்கள் மேல் வழக்கு வரக்கூடாது என்பது தெஹேரோவின் முக்கிய நிபந்தனை. நண்பகலில் உறுப்பினர்கள் வெளியே வந்தார்கள். மறுநாளே அதே அவையில் கால்வோ சொத்தேலோ 186க்கு 158 என்ற கணக்கில் பிரதமரானார். 27ஆம் தேதி மாட்ரிட் தெருக்களில் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்.

1982 பிப்ரவரியில் விசாரணை, 33 பேர் மேல். ஜூன் 3 தீர்ப்பில் மிலான்ஸுக்கும் தெஹேரோவுக்கும் 30 ஆண்டு, அர்மாதாவுக்கு வெறும் 6. இதை அரசே மேல்முறையீடு செய்தது. 1983இல் ராணுவத்தைச் சேராத நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம் அர்மாதாவுக்கும் 30 ஆக உயர்த்தியது. கலாக்சியா தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், என்ன மாறியது என்று தெரியும். அர்மாதா 1988இல் மன்னிப்புப் பெற்றார், மிலான்ஸ் 1990இல் வெளியே வந்தார், தெஹேரோ 1996இல்.

வரைபடம்:
இடையில் ஒன்று விட்டுப்போனது. 1982 அக்டோபர் 28 தேர்தலில் சிறையிலிருந்தே தெஹேரோ 'ஸ்பானியத் தோழமை' (சொலிதாரிதாத் எஸ்பான்யோலா) என்ற கட்சியைப் போட்டியிட வைத்தார். வாக்களித்து இவரை நாடாளுமன்றத்துக்குள் அனுப்புங்கள் என்பது முழக்கம். கிடைத்தது 28 ஆயிரம் சொச்சம் வாக்குகள், இடம் ஒன்றுமில்லை. கடிகார அறையில் அவர் அடைத்து வைத்த ஃபெலிப்பே கொன்சாலஸ் 202 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார். அந்தத் தேர்தலுக்கு முந்தைய நாளுக்கென்று இன்னொரு கவிழ்ப்புத் திட்டமும் இருந்தது. உளவுத்துறை முன்கூட்டியே கண்டுபிடித்து அதிகாரிகளைக் கைது செய்தது. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் தனித் திரி தொடங்கினால் நானும் சேர்ந்து எழுதுகிறேன்.