சிக்கன் ப்ராக்கலி சாஸ் கெட்டியாவே வரல, சனிக்கிழமைக்குள்ள உதவி வேணும்!!

அவசரக்குடுக்கை_77 | வியாழன் இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். இங்க அமெரிக்கால சைனீஸ் டேக்அவுட் கடைல வெள்ள டப்பால குடுப்பாங்கல்ல அந்த சிக்கன் ப்ராக்கலி, அத வீட்ல மூணு தடவ பண்ணிட்டேன், மூணு தடவயும் சொதப்பல். சாஸ் கெட்டியே ஆக மாட்டேங்குது, கடைல பளபளன்னு சிக்கன் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், என்னுது தட்டுல ரசம் மாதிரி ஓடுது. சிக்கனும் ரப்பர். ரெசிபில இருக்கிறத அப்படியே தான் பண்ணேன், ஒண்ணும் மாத்தல. சனிக்கிழம பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வர்றாங்க, அம்மா கடைய விட நல்லா பண்ணுவாங்கன்னு அவ வேற பீத்திட்டு வந்துட்டா. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மிளகுரசம் | 9:55

எந்த ரெசிபி? சிக்கன் எவ்ளோ, நெஞ்சுக்கறியா தொடையா? கேஸா கரண்ட் அடுப்பா? என்ன பாத்திரம்? இதெல்லாம் சொல்லாம என்ன சொல்றது.

பசிச்சபுலி | 10:02

ப்ரோ ஒரே பதில் தான், பேக்கிங் சோடா. ஒரு பவுண்ட் சிக்கனுக்கு அர டீஸ்பூன் போட்டு பிசறி 20 நிமிஷம் வச்சிட்டு நல்லா கழுவிடுங்க. கறியோட மேல்பக்கம் காரத்தன்மை ஏறும், சூட்டுல புரோட்டீன் இறுகிப் பிடிச்சுக்காது. கடைல பஞ்சு மாதிரி இருக்கிறதுக்கு அதான் காரணம். கழுவாம விட்டீங்கன்னா சோப்பு தின்ன மாதிரி இருக்கும், நான் தின்னுருக்கேன்.

மிளகுரசம் | 10:06

புலி, அவங்க கேக்கறது சாஸ் பத்தி.

பசிச்சபுலி | 10:07

ரப்பர்னும் சொல்லிருக்காங்கல்ல. படிங்க.

வாணலி_வேந்தன் | 10:31

இந்த கேள்வி மாசத்துக்கு நாலு தடவ வருது, தேடிப் பாக்கற பழக்கம் யாருக்கும் இல்ல. பரவால்ல, பொறுமையா சொல்றேன். இது தோச சுடற வேல கிடையாது. வீட்டு கேஸ் பர்னர் பெருசா போனா 15, 18 ஆயிரம் பி.டி.யூ. (அடுப்போட சூட்டுக்கு அளவு) குடுக்கும், அந்த கடைகள்ல வோக் அடுப்பு ஒரு லட்சத்துக்கு மேல. அந்த நெருப்புல தண்ணி விடறதுக்குள்ள ஆவியாயிடும். கார்பன் ஸ்டீல் வோக் இல்லாம, அதுவும் நான்ஸ்டிக்ல பண்ணிட்டு சாஸ் நிக்கலன்னா நிக்காது தான். முதல்ல பாத்திரத்த மாத்துங்க, அப்புறம் பேசுவோம்.

ஈரோட்டுமஞ்சள் | 10:40

அவங்க நான்ஸ்டிக்னு சொல்லவே இல்லயே வேந்தன் சார்.

வாணலி_வேந்தன் | 10:42

சொல்லித்தான் தெரியணுமா.

அவசரக்குடுக்கை_77 | 11:15

ஸாரி, பாப்பாவ தூங்க வச்சிட்டு வர லேட் ஆயிடுச்சு. முதல்ல நான் ப்ரோ இல்ல. கரண்ட் அடுப்பு, சுருள் கம்பி செவக்குமே அந்த டைப், அபார்ட்மெண்ட்ல வேற வழி இல்ல. ஆமா நான்ஸ்டிக் தான். சிக்கன் நெஞ்சுக்கறி 2 பவுண்ட், மொத்தமா போட்டு வதக்குனேன். ப்ராக்கலி ஃப்ரோசன் பாக்கெட். சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், சக்கர, இஞ்சி பூண்டு, எள்ளெண்ணெய், ஒரு கப் சிக்கன் ஸ்டாக். கார்ன் ஃப்ளார ரெண்டு ஸ்பூன் தான் போடச் சொல்லிருந்தாங்க, கெட்டியாகலன்னு நாலு வரைக்கும் போட்டுப் பாத்துட்டேன். இதுக்கு மேல போட்டா கூழு தான்.

மிளகுரசம் | 11:24

அப்படி வாங்க. 2 பவுண்ட ஒரே ஈடா போட்டா கரண்ட் அடுப்புல வதங்காது, சொந்தத் தண்ணிலயே வெந்து போகும். முக்கா கிலோவுக்கு மேல கறி ஒரு நான்ஸ்டிக்ல, யோசிச்சுப் பாருங்க. மூணு ஈடா பிரிங்க, ஒவ்வொண்ணா எடுத்து தட்டுல வச்சிட்டு கடைசில சேருங்க. ஃப்ரோசன் ப்ராக்கலியும் தண்ணி விடும். பச்ச ப்ராக்கலி வாங்கி கொதிக்கிற உப்புத் தண்ணில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து நல்லா வடிய விடுங்க.

வாணலி_வேந்தன் | 11:26

நான்ஸ்டிக். சொன்னேனா இல்லயா.

சோதனைக்குழாய் | 11:50

ஒரு கோணம் யாரும் சொல்லல. சாஸ் கெட்டியாகுதான்னு ருசி பாத்துட்டு அதே கரண்டிய திரும்ப உள்ள விடறீங்களா? எச்சில்ல அமைலேஸ்னு ஒரு என்ஸைம், ஸ்டார்ச்ச உடைச்சு சக்கர ஆக்கும். சாஸ் நல்லா கொதிச்சிட்டிருந்தா அது செத்துடும், ஆறவச்ச சாஸ்ல எச்சக்கரண்டி விழுந்தா கொஞ்ச நேரத்துல நீர்த்துப் போகும். எங்க பாட்டி மோர்க்குழம்புல எச்சக்கரண்டி போட்டா கைல அடிக்கும், அதுக்கு அமைலேஸ் தெரியாது, ஆனா விஷயம் தெரியும்.

அவசரக்குடுக்கை_77 | 11:58

எங்க வீட்ல எச்சக்கரண்டி பழக்கமெல்லாம் கிடையாதுங்க. உள்ளங்கைல விட்டு தான் பாப்பேன்.

ஈரோட்டுமஞ்சள் | வெள்ளி காலை 7:12

மாவு கலந்து ஊத்தினதுக்கு அப்புறம் கொதிக்க விட்டீங்களா அக்கா? சூடேறினா மட்டும் பத்தாது, குமிழி வெடிக்கணும். அப்பதான் ஸ்டார்ச் முழுசா ஊதும். அதோட பச்சத் தண்ணில கரைச்சு தான் ஊத்தணும், நேரா தூவினா கட்டி தட்டும்.

கோபி65 | 8:03

நான் கேக்கறேன் எதுக்கு இந்த கஷ்டம்? சிக்கன் மஞ்சூரியன் பண்ணிப் போடுங்க. பச்ச மொளகா, இஞ்சி, பூண்டு, தக்காளி சாஸ்னு நம்ம சைனீஸ் எவ்ளோ சூப்பரா இருக்கும். அந்த அமெரிக்கன் சைனீஸ்ல உப்பும் சக்கரயும் தவிர என்ன இருக்கு. ஒரிஜினல் சைனீஸே இல்ல அது. ப்ராக்கலியே இத்தாலிக்காரன் காய்.

சோதனைக்குழாய் | 8:20

மஞ்சூரியன் மட்டும் மஞ்சூரியால இருந்து வந்துச்சா? 1975ல மும்பை கிரிக்கெட் கிளப்ல நெல்சன் வாங்னு ஒருத்தர் தான் ஆரம்பிச்சார்னு சொல்லுவாங்க, கொல்கத்தால பொறந்த சைனீஸ் குடும்பத்து ஆளு. நீங்க ஒரிஜினல் பத்தி பேசறீங்க.

கோபி65 | 8:24

நான் டேஸ்ட் பத்தி தான் பேசறேன்.

சோதனைக்குழாய் | 8:41

சரி டேஸ்ட்டுக்கே வருவோம். குவாங்டாங் பக்கத்துல இருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவங்களுக்கு கைலான் கீரை கிடைக்கல, ப்ராக்கலி கிடைச்சுது, அத போட்டாங்க. இங்க வந்து நம்மாளுங்க முருங்கக்கீரைக்கு பதிலா ஸ்பினாச் போட்டு பொரியல் பண்ணல? 1882ல சைனாத் தொழிலாளிங்க அமெரிக்காவுக்கு வரவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, அத எடுத்தது 1943ல. அந்தக் காலம் முழுக்க அவங்கள்ல பல பேருக்கு சோறு போட்டது லாண்ட்ரியும் ஹோட்டலும் தான். சாப்பிட வர்றவன் நாக்குக்கு சமைக்கலன்னா கடைய மூட வேண்டியது தான். மூ கூ கை பேன்னு மெனுல பாத்திருப்பீங்களே, கான்டனீஸ்ல காளான், கோழித் துண்டு, அவ்ளோ தான் அர்த்தம். அங்கயும் உள்ளது தான், இங்க வந்து மாறிப்போச்சு.

பசிச்சபுலி | 8:55

ஜெனரல் ஸோ சிக்கன் அந்த ஜெனரலே சாப்பிட்டதில்லையாமே?

சோதனைக்குழாய் | 9:03

அவரு 1885லயே போய்ச் சேந்துட்டாரு. அந்த டிஷ்ஷ பெங் சாங் குவெய்னு ஹூனான்கார செஃப் 1950கள்ல தைவான்ல உருவாக்கினார். அப்ப அதுல இனிப்பே இல்ல. நியூயார்க் வந்தப்புறம் தான் சக்கரயும் மொறுமொறுப்பும் ஏறுச்சு.

மிளகுரசம் | 9:10

எல்லாம் நல்லா இருக்கு. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு விருந்தாளி வர்றாங்க. வரலாறு வேற இழைல வச்சுக்கலாமே?

வாணலி_வேந்தன் | 9:30

பெங் கதையெல்லாம் நான் 3 வருஷம் முன்னாடியே இங்க விரிவா எழுதியாச்சு. அஜினமோட்டோ பத்தி யாரும் பேசலயே ஏன்? கடை டேஸ்ட் வேணும்னா அது இல்லாம வராது.

கோபி65 | 9:33

பசங்களுக்கு போய் அஜினமோட்டோவா! தலவலி வரும் சார்.

வாணலி_வேந்தன் | 9:47

எதிர்பாத்தேன். 1908ல ஜப்பான்ல இகேடா கடல்பாசி சூப்புல இருந்து பிரிச்செடுத்தது அது. தக்காளிலயும் பார்மஜான் சீஸ்லயும் இருக்கிற அதே குளுட்டமேட். 1968ல ஒரு மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு டாக்டர் எழுதின லெட்டர்ல ஆரம்பிச்ச பயம், இன்னும் ஓடிட்டிருக்கு. பீட்சா தின்னுட்டு தலவலின்னு யாரும் சொல்றதில்ல.

(இதுல மட்டும் வேந்தன் சொல்றது சரி. ஒத்துக்கறதுக்கு கஷ்டமா இருக்கு. - மிளகுரசம்)

கோபி65 | 9:52

உங்க வீட்டுப் பசங்களுக்கு போடுங்க, எங்க வீட்ல போட மாட்டோம்.

அவசரக்குடுக்கை_77 | பகல் 12:40

அஜினமோட்டோ வேணாங்க, மஞ்சூரியனும் வேணாம், என் பொண்ணு காரம் தொடவே மாட்டா. ஈரோடு தங்கச்சி, நல்லா தளபுளன்னு கொதிக்க விட்டேன்ப்பா. லஞ்ச் டைம்ல மறுபடி கொஞ்சமா சாஸ் மட்டும் பண்ணிப் பாத்தேன், மிளகுரசம் சொன்ன மாதிரி கறி இல்ல ப்ராக்கலி இல்ல. அதே கதை. கொஞ்சம் கெட்டியாகுது ஆனா கலங்கலா இருக்கு, பளபளப்பு சுத்தமா இல்ல, நாக்குல நறநறங்குது. ஆற விட்டா அடில வண்டல் மாதிரி நிக்குது. அடுப்புல தான் கோளாறா?

மிளகுரசம் | 12:46

நறநறன்னா? இத ஏங்க முதல்லயே சொல்லல??

குட்டிமான்_அம்மா | 1:30

தங்கச்சி, நான் டொராண்டோவில இருக்கிறன், இண்டைக்குத்தான் இந்த இழையைப் பாத்தனான். ஒண்டு கேக்கட்டே, உங்கட கோன் ஃப்ளவர் மா என்ன நிறம்? வெள்ளையோ மஞ்சளோ? பக்கெட்டில என்ன எழுதிக் கிடக்கு?

அவசரக்குடுக்கை_77 | 1:34

லைட் மஞ்சள். கார்ன் ஃப்ளார்னு தான் போட்டிருக்கு. இந்தியன் ஸ்டோர் 40 நிமிஷம் ஆகும்னு பக்கத்து அமெரிக்கன் கடைல வாங்கினேன். ஏன் அக்கா? ரெசிபில கார்ன்ஸ்டார்ச்னு இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணு தானே?

குட்டிமான்_அம்மா | 1:52

அங்கதான் பிள்ளை பிழைச்சது. ஊரில நாங்கள் கோன் ஃப்ளவர் எண்டு வாங்கிறது வெள்ளை மா, தொட்டா கிறீச் கிறீச் எண்டு சத்தம் போடும். அது முழுக்க ஸ்டார்ச். உங்கட நாட்டில அதுக்குப் பேர் கார்ன்ஸ்டார்ச். அமெரிக்கக் கடையில கார்ன் ஃப்ளார் எண்டு விக்கிறது முழுச் சோளத்தை அப்பிடியே அரைச்ச மா, அதில தோலும் புரதமும் எல்லாம் கிடக்கும். அதாலதான் கலங்கலும் நறநறப்பும். எவ்வளவு போட்டாலும் கண்ணாடி மாதிரி வராது. நானும் வந்த புதுசில அந்த மாவில கஸ்டர்ட் காய்ச்சி, மனுசன் இது என்ன உப்புமாவோ எண்டு கேட்டவர்.

கோழிக்குப் பிசறினதும் அந்த மாதானே? அதான் அதுகும் பட்டு மாதிரி வரேல்லை.

ஈரோட்டுமஞ்சள் | 1:55

ஐயோ அக்கா நீங்க தெய்வம்

பசிச்சபுலி | 1:56

"ஒண்ணும் மாத்தல"

வாணலி_வேந்தன் | 2:10

மாவுல தான் பிரச்சினைன்னு எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்தது. அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்.

மிளகுரசம் | 2:11

😂😂 பாத்திரத்த மாத்திட்டு வா பேசுவோம்னு சொன்னது யாருங்க.

வாணலி_வேந்தன் | 2:15

பாத்திரமும் காரணம் தான். எழுதினத திரும்பப் படிங்க.

குட்டிமான்_அம்மா | 2:40

சண்டையை விடுங்கோ. தங்கச்சி, நாளைக்கு இப்பிடிச் செய்யுங்கோ. நெஞ்சிறைச்சியை அரை மணித்தியாலம் ஃப்ரீசரில வைச்சா இறுகும், பிறகு நாருக்குக் குறுக்கால மெல்லிசா வெட்டலாம். நாரோட போனா என்ன செய்தாலும் சவ்வுதான். ஒரு பவுண்டுக்கு ஒரு முட்டை வெள்ளை, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச், கொஞ்ச சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி எண்ணெய், பிசறி அரை மணித்தியாலம். இதுக்கு சோடா தேவையில்லை. பிறகு பொரிக்காதேங்கோ, உங்கட அடுப்புக்குத் தண்ணிதான் சரி: பெரிய பானையில தண்ணி கொதிக்க விட்டு ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தி, கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ஒரு நிமிசத்தில வடிச்செடுங்கோ. வெளியால வெள்ளையா வழுவழு எண்டு இருக்கும், உள்ளுக்கு முழுசா வேகாது, சோஸில கொதிக்கேக்க வெந்திடும். சின்னப் பிள்ளையள் எண்டபடியா ஒரு துண்டைப் பிய்ச்சுப் பாத்திட்டுக் குடுங்கோ.

சோஸுக்கு ஒரு கப் ஸ்டொக்குக்கு ஒண்டரை மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச், பச்சைத் தண்ணியில கரைச்சு, ஊத்த முதல் திரும்பக் கலக்குங்கோ, அடியில குந்தியிருக்கும். கொதிச்சுக் கண்ணாடியா வந்த உடன கோழியையும் ப்ராக்கலியையும் போட்டு, கோழி வெந்த கையோட இறக்குங்கோ.

அவசரக்குடுக்கை_77 | 2:44

அக்கா!!! கடைக்கு கெளம்பிட்டேன்

பசிச்சபுலி | 3:05

சோடா தேவையில்லைங்கறத நான் ஏத்துக்கல. ரெண்டும் சேத்து பண்ணா தான் கடை பதம்.

குட்டிமான்_அம்மா | 3:20

உங்கட வீட்டில போடுங்கோ தம்பி.

மிளகுரசம் | ஞாயிறு காலை 10:15

என்னம்மா ஆச்சு? ஆளக் காணோம்.

ஈரோட்டுமஞ்சள் | ஞாயிறு மாலை 6:30

பார்ட்டி முடிஞ்சு தூங்கிட்டாங்க போல.

அவசரக்குடுக்கை_77 | செவ்வாய் இரவு 10:05

ஸாரி ஸாரி, மறந்தே போச்சு. சூப்பரா வந்துச்சு, மாவு தான். டொராண்டோ அக்காவுக்கு பெரிய தேங்க்ஸ். நாலு பேரும் சிக்கன காலி பண்ணிட்டு ப்ராக்கலிய தட்டு ஓரமா அடுக்கி வச்சிட்டாங்க, நான் தான் தின்னேன். அந்த மஞ்ச மாவு முக்கா பாக்கெட் மிச்சம் இருக்கு, அத என்ன பண்றது?

கோபி65 | 10:20

வெங்காய பக்கோடால கடல மாவோட பாதி பாதி கலந்துக்கோங்க. சும்மா மொறுமொறுன்னு வரும்.

புதுவரவு_சேகர் | புதன் காலை 6:50

வணக்கம், க்ரூப்புக்கு புதுசு. கேஸ் அடுப்பா கரண்ட் அடுப்பான்னு சொல்லுங்க ப்ரோ, அத வச்சு தான் சொல்ல முடியும்.