தேரை முட்டை பிளாஸ்டுலாவோடு நின்றுவிடுவது ஏன்?

உப்புவெளி_உயிரியல்:
மாரி தொடங்கினால் திருகோணமலைக் குட்டைகளில் தேரை முட்டை சரம் சரமாகக் கிடைக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துவைத்தால், சில முட்டைகள் 2, 4, 8 என ஒழுங்காகப் பிரிந்து பிளாஸ்டுலா (கலங்கள் பந்தாகத் திரண்ட கட்டம்) வரை வருகின்றன. பிறகு அப்படியே வெளுத்துப்போகின்றன. தண்ணீர் கூடாதென்றால் முதற்பிரிவே நடந்திராதே?

கலம்23:
பிரிவை நடத்துவது முளையத்தின் சொந்தப் பரம்பரையலகு (ஜீன்) அல்ல. தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்த எம்ஆர்என்ஏயும் (புரதம் ஆக்குவதற்கான பரம்பரையலகுப் படி) புரதமுமே அதற்குப் போதும். நன்றாக ஆராயப்பட்ட ஸெனோபஸ் தவளையில், 23 பாகை செல்சியஸில் முதற்பிரிவுக்கு 90 நிமிடம், அடுத்தவற்றுக்கு அரைமணி அளவில். 12 பிரிவு முடிந்து சுமார் 4000 கலம் ஆனதும்தான் முளையத்தின் பரம்பரையலகுகள் பெருமளவில் இயங்கும். டிஎன்ஏ இரட்டித்துக்கொண்டே போக, குழியவுரு (கலத்தின் உட்பாகு) கூடுவதில்லை. இயக்கத்தை அடக்கிவைத்த ஹிஸ்டோன் புரதங்கள் அத்தனை டிஎன்ஏக்கும் போதாமல் போகின்றன, தடை தளர்கிறது.

அமனிற்றின் என்ற காளான் நச்சைச் செலுத்தி ஆர்என்ஏ ஆக்கத்தை நிறுத்தினாலும் பிளாஸ்டுலா வரும், காஸ்துருலா (கலங்கள் உள்நகர்ந்து படைகளாகும் அடுத்த கட்டம்) வராது. அதனால் அந்தக் கட்டத்தில் நிற்கும் முட்டையில் நிறமூர்த்தக் (குரோமோசோம்) குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். இனம் மாறிக் கலந்த முளையங்கள் பலவும் அங்கேதான் நிற்கும்.

நிலாவெளி_ஆய்வுகூடம்:
சரி, ஆனால் 4000 கலம் வரை முழு மௌனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். முளையப் படைகளை அமைக்க உதவும் நோடல் குடும்பத்தின் சில பரம்பரையலகுகள் 256 கலக் கட்டத்திலேயே படியெடுக்கப்படுகின்றன.

உப்புவெளி_உயிரியல்:
நன்றி. முதுகுப்பக்கம் எப்போது முடிவாகிறது?

நிலாவெளி_ஆய்வுகூடம்:
முதற்பிரிவுக்கு முன்பே. விந்து புகுந்ததும் முட்டையின் மேற்படை சுமார் 30 பாகை திரும்பும். பதிய முனைவில் (மஞ்சட்கரு நிறைந்த கீழ்முனை) இருந்த தாய்க் காரணிகள் நுண்குழாய்கள் வழியே, விந்து புகுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஏறும். அங்கே பீட்டா-கற்றெனின் என்ற புரதம் சிதையாமல் கலங்களின் கருவுக்குள் சேர்கிறது, பின்னர் சியாமோயிஸ் பரம்பரையலகைத் தூண்டுகிறது. அந்தப் பக்கத்தில் அமையும் ஒழுங்காக்கி என்ற கலக்கூட்டம், கோர்டின், நொகின் புரதங்களைச் சுரந்து, வயிற்றுப்பக்கத்தை ஆக்கும் பிஎம்பி புரதத்தைத் தடுக்கும். நரம்புத்தட்டு அங்கே உருவாகும்.

திருப்பத்துக்கு முன் பதிய முனைவில் புறஊதாக் கதிர் பட்டால் நுண்குழாய்கள் ஒழுங்காக அமையா. தலையில்லாத வயிற்றுத் துண்டுதான் மிஞ்சும். 4 கலக் கட்டத்தில் வயிற்றுப்பக்கம் பீட்டா-கற்றெனின் எம்ஆர்என்ஏ செலுத்தினால் இரண்டாவது தலையே வரும்.

கலம்23:
உங்கள் கிண்ணத்துக்கு: முட்டை எடுத்த குட்டைத் தண்ணீரையே 1 சதமமீற்றர் ஆழத்துக்கு விடுங்கள். குளோரீன் குழாய்த்தண்ணீரும் கடலோர உவர்க்கிணறும் வேண்டாம். சரத்தைத் துண்டாக்கி, கிண்ணத்துக்கு 20 முட்டை போதும். நெருக்கினால் நடுவிலுள்ளவைக்கு ஒட்சிசன் கிடைக்காது. வெளுத்ததை உடனே எடுங்கள், பூஞ்சணம் பக்கத்து முட்டைக்குப் பரவும். நேர்வெயிலில் வைக்கவேண்டாம். எல்லாக் கிண்ணத்திலும் ஒன்றாக நின்றால் தண்ணீர் அல்லது வெப்பம், அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் அந்தந்த முட்டையின் குறை.